கழுவிக் காயவைத்த ரப்பர்

அத்தியாயம் 9

முக்தார் தன் காரின் கதவைச் சாத்தினார். திறந்தார். மறுபடியும் சாத்தினார்.

"கேட்டீங்களா சேர்? நல்ல காரெண்டா கதவு 'டப்'புண்டு மூடணும். இது தகர டப்பா மாதிரிச் சத்தம் போடுது. மழை பெஞ்சா டிரைவர் சீட்டு நனையுது. வெயிலடிச்சா புழுதி வருது. நாலு கதவுக்கும் ரப்பர் இரிக்கி. ஆனா இரிந்தும் இல்லாத மாதிரித்தான்."

"எங்க மாமா மாதிரி" என்றாள் ஷாமிளா. "அவரும் வீட்லதான் இருக்காரு. இருந்தும் இல்லாத மாதிரிதான்."

முக்தார் சிரித்தார். கிருஷ்ணராஜ் சிரிக்கவில்லை. அவர் ஏற்கெனவே முழங்காலில் உட்கார்ந்து கதவின் அடிவிளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடம் இன்சூரன்ஸ் கம்பனிக்காக நொறுங்கிய வாகனங்களைப் பரிசோதித்த மனிதர். ஓய்வுபெற்ற பிறகு ருவான்வெல்லைக் கடைத்தெருவில், ஒரு பேக்கரிக்கு மேலே அறை எடுத்து, மற்றவர்களின் சங்கடங்களைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். மனிதர்களை நம்புவதைவிட மட்கார்டுகளை நம்புவது லேசு என்பது அவர் கட்சி.

ஷாமிளாவுக்கு வயது முப்பத்தொன்பது. சொந்தமாகத் த்ரீவீலர் ஓட்டுகிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அவரை எட்டியாந்தோட்டைக்கு ஏற்றிப் போனவள், வழியெல்லாம் அவருடைய கேஸில் இருந்த ஓட்டைகளைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு அவர் வேறு த்ரீவீலரில் ஏறவில்லை.

மூன்று மாதமாக இருவரும் தேடி அலைந்தது இந்தக் காரைத்தான். எண்பத்திரண்டாம் ஆண்டு வந்த ஜப்பான் கார். பெட்டி மாதிரி உருவம், பால்நிறப் பெயின்ட். ஒன்றரை வருடத்தில் மூன்று கை மாறிவிட்டது. முதல் கை, கிரிந்தலை ரப்பர்த் தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் டெனிஸ்டன். அவர் அதை விற்றது போன வருடம் ஜூன் கடைசியில். வெள்ளம் வந்தது மே மாதக் கடைசியில்.

அந்த வெள்ளத்தன்றுதான் அந்தனி காணாமல் போனான்.

அந்தனி கிரிந்தலைத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். கிளாக்கருக்குத் தேவைப்பட்ட நேரத்தில் அவருடைய காரையும் ஓட்டுவான். அன்றைக்கு மழை, தோட்டத்தில் வேலையில்லை. காலையில் சட்டை மாற்றிக்கொண்டு "கிளாக்கரையா கூப்பிட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பவில்லை. டெனிஸ்டன் பொலிஸில் சொன்னது வேறு. "நான் அன்னைக்குக் காரையே எடுக்கல. ஆறு பெருகி ரோட்ட மூடிட்டாங்க, எங்க எடுக்கிறது? அந்தனி பேக்கோட கொழும்பு பஸ்ல ஏறினத என் கண்ணால பார்த்தேன்." பொலிஸ் அதை எழுதிக்கொண்டது. மிச்சத்தைத் தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்த சனம் எழுதி முடித்தது: கொழும்புப் பக்கம் வத்தளையில் ஒரு பொம்பளை இருக்கிறாளாம்.

அந்தனியின் மனைவி கிறேஸ் மூன்று மாதத்துக்கு முன்னால் பேக்கரி மாடிப்படி ஏறி வந்தபோது, அவள் கையில் நாலாக மடித்த ஒரு சீட்டு இருந்தது. நவம்பர் இரண்டாம் திகதி ஆத்துமாக்கள் திருநாள். அன்றைக்கு மாதா கோயில் பூசையில் வாசிப்பதற்காக ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். கிறேஸின் சீட்டில் இரண்டு பெயர் இருந்தது. அவளுடைய அப்பா, மாமியார். மூன்றாவது வரி காலி.

"போன வருசமும் இப்படித்தான் காலியா விட்டேன் சேர்" என்றாள். "உசுரோட இருக்கிற மனுசன் பேர இதுல எழுதினா பாவம். செத்தவரு பேர எழுதாம விட்டா அது அதவிடப் பாவம். ஆறுதலா நாலு வார்த்த சொல்லுங்கன்னு வரல. அவரு இருக்காரா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க. சீட்டு ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

இன்றைக்கு ஒக்டோபர் முப்பத்தொன்று. சீட்டுகளைச் சேர்க்கும் கடைசி நாள். அது இன்னும் கிருஷ்ணராஜின் சட்டைப் பையில்தான் இருந்தது.

"சீட் மாத்தியிருக்கு" என்றார் அவர், காருக்குள் தலையை விட்டு. "கார்பெட் புதுசு. பெயின்ட் புதுசு. வயர் எல்லாம் புதுசு. போன வருசம் ஒரே மாசத்தில இவ்வளவும். வெள்ளத்துக்குள்ள போகாத காருக்கு எதுக்கு இவ்வளவு சீர்?"

"கார் வயசுக்கு வந்திருக்கும்" என்றாள் ஷாமிளா.

"எல்லாத்தையும் மாத்தின மனுசனால ஒண்ண மட்டும் மாத்த முடியல. இந்த மொடலுக்குக் கதவு ரப்பர் எங்கயும் இல்ல. செய்யிறத நிப்பாட்டியே முப்பது வருசத்துக்கு மேல. பழச கழட்டி அதையேதான் திரும்பப் போடணும். முக்தார், கொஞ்சம் சுடுதண்ணியும் ஒரு பழைய துணியும்."

"சேர், கழட்டினா திரும்பப் போடுவீங்கதானே?" என்றார் முக்தார்.

"கழட்டினதவிட நல்லா."

ரப்பர் கழற்றுவதற்கென்று ஒரு பொறுமை வேண்டும். திருப்புளியை விட்டு நெம்பினால் பழைய ரப்பர் பிஸ்கட் மாதிரி உடையும். கிருஷ்ணராஜ் சுடுதண்ணீரில் நனைத்த துணியை விளிம்போடு வைத்து, பசை இளகும்வரை காத்திருந்தார். பிறகு தேய்ந்துபோன ஒரு மரக் கரண்டியின் காம்பை அடியில் விட்டு, இரண்டு முனையும் சேரும் இடத்திலிருந்து தொடங்கி, ஒரு விரல், ஒரு விரலாகப் பிரித்தார். ஒவ்வொன்றும் கழன்று வந்ததும் எந்தக் கதவு, எந்தப் பக்கம் மேல் என்று சோக்கட்டியால் எழுதினார்.

"நாலும் ஒரே மாதிரித்தானே சேர்?"

"பார்க்கிறதுக்கு. நாப்பது வருசம் ஒரு மூலையில மடிஞ்சு கிடந்த ரப்பர் அந்த மூலைக்கு மட்டும்தான் பொருந்தும். மாத்திப் போட்டா சண்டை பிடிக்கும்."

"அப்ப எங்க மாமாவ வேற வீட்டுக்குக் குடுக்கேலாதா?"

டிரைவர் கதவின் ரப்பர் நீளமாகக் கழன்று நிலத்தில் கிடந்தது. உள்ளே வெறுமையான குழாய். வெள்ளத்தண்ணீர் அதற்குள் போயிருந்தால் ஆற்று மண் அங்கேயே தங்கியிருக்கும். சீட்டைக் கழுவலாம், தகட்டைக் கழுவலாம், விரல் நுழையாத குழாயின் உட்புறத்தை யார் கழுவப்போகிறார்கள்? மூன்று மாதமாக அவர் கட்டிவைத்திருந்த கணிப்பு இதுதான். பிளேட்டால் அடிப்பக்கத்தைக் கீறி, ஷாமிளாவின் போன் வெளிச்சத்தில் பார்த்தார்.

மண் இல்லை.

அடுத்த கதவு. அதிலும் இல்லை. மற்ற இரண்டிலும் இல்லை. கறுப்பு ரப்பர், உள்ளும் புறமும் துடைத்துவைத்த மாதிரி.

"குழந்தைக்குக் காது கழுவின மாதிரி இருக்கு" என்றாள் ஷாமிளா. பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "போச்சா சேர்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கிருஷ்ணராஜ் எழுந்து முழங்காலைத் தட்டினார். கராஜுக்கு வெளியே மழை பிடித்தது. இந்தக் கேஸ் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான். பஸ் கண்டக்டர் ஞாபகமில்லை என்றான். அந்தனியின் போன் அன்றைக்கே செத்துவிட்டது. காரை உருமாற்றிய பெயின்டர் மாலைதீவுக்குப் போய்விட்டான். எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஆளில்லை.

அவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

"ஷாமிளா, நாப்பது வருசப் புழுதி எங்க?"

"என்ன?"

"வெள்ளத்த விடு. இந்தக் கார் ஒருநாளும் ஆத்துப் பக்கம் போகல என்டே வச்சுக்கோ. அப்பயும் உள்ள கொஞ்சம் தூசு, ஒரு எறும்பு, ஒரு இலைத்துண்டு இருக்கணும். ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கிறதுதான் அசுத்தம். யாரோ இதக் கழுவியிருக்காங்க. சும்மா இல்ல, உசுரக் குடுத்துக் கழுவியிருக்காங்க. பிறகு?" ரப்பரை இரண்டு விரலால் அழுத்தினார். "பிறகு நசுக்கியிருக்காங்க. குழாய் உருண்டையா இருந்தாத்தான் கதவு மூடினதும் இறுகும். இது சப்பையா இருக்கு. அதுதான் முக்தார்ட கதவு சத்தம் போடுது."

"அல்லாஹ்! அப்ப கார்ல பிழையில்ல?"

"கார்ல இல்ல."

அவர் ரப்பரைப் புரட்டினார். ஒட்டுகிற பக்கத்தில் பழைய கறுப்புப் பசை ஒரு பூச்சாகப் படிந்து இறுகிக் கிடந்தது. அதன்மேல் மெல்லிய கோடுகள், ஒன்றுக்கொன்று சமதூரத்தில், சாய்வாக, வரிசை வரிசையாக ஓடின.

"டயர் தடமா?" என்றார் முக்தார்.

ஷாமிளா போனைக் கீழே வைத்தாள். ரப்பரைக் கையில் வாங்கினாள். வாயில் வந்த பகிடியை அவள் விழுங்குவது தெரிந்தது.

"சேர், இது ஷீட் வரி."

"ஷீட்?"

"நீங்க டவுன் ஆளு. ஒங்களுக்குத் தெரியாது. மரத்துப்பால அசிட் ஊத்தி ஒறைய வச்சு, ரோலர்ல விட்டுத் தண்ணியப் புழிவாங்க. கடைசி ரோலர்ல வரி இருக்கும். அந்த வரி ஷீட்ல பதியும். வரி இருந்தாத்தான் சுருக்கா காயும். நான் நடக்கப் பழகினதே தோட்டத்துல ஷீட் அடிக்கிற ஸ்டோர் வாசல்ல." மூக்கருகில் கொண்டுபோய் மோந்தாள். "புகை வாசமும் அடிக்குது. கழுவி, ரோலர்ல விட்டு, புகையறையில தொங்கப் போட்டிருக்காங்க. ஷீட் காயப் போடுற மாதிரியே."

கிருஷ்ணராஜ் அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"கராஜ்காரன் யாரும் இப்படிச் செய்யமாட்டான்" என்றாள். "வெயில்ல போடுவான். ஈர ரப்பரக் கண்டதும் ரோலர்ல விடுறதுக்கு ஒரு கை பழகியிருக்கணும். நாங்கதான் அப்படிச் செய்வோம். பசை அப்ப ஈரத்துல இளகியிருந்திருக்கு. வரி அப்படியே பதிஞ்சிருச்சு. இங்க பாருங்க, இந்த எடத்துல ஒரு வரி அறுந்து போயிருக்கு. கொஞ்சம் தள்ளி இங்கயும். இங்கயும்."

அவள் கையால் அளந்தாள். ஒரு சாண், நாலு விரல். அடுத்ததும் ஒரு சாண், நாலு விரல்.

"ரோலர் ஒரு சுத்துக்கு ஒருக்கா" என்றார் கிருஷ்ணராஜ். "ரோலர்ல ஒரு பல் உடைஞ்சிருக்கு."

"அந்தப் பொக்கை வாய்க்காரியக் கண்டுபிடிச்சா, இதக் கழுவின ஆளையும் கண்டுபிடிக்கலாம்."

"கழுவின ஆள் மண்ணப் பார்த்திருக்கும். என்ன நாள் என்டும் ஞாபகம் இருக்கலாம்." மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவர் குரலில் கொஞ்சம் சூடு ஏறியது. "அது போதும். ஒரு சாட்சி போதும்."

டிரைவர் கதவின் ரப்பரைச் சுருட்டி எடுக்கும்போதுதான் அந்தக் கிழிசல் கையில் தட்டுப்பட்டது. மேல்மூலையில், நாலு அங்குல நீளம். கிழிந்த இடம் தேன் நிறத்தில் ஒட்டப்பட்டிருந்தது. முக்தார் இழுத்துப் பார்த்தார்.

"முழு ரப்பர்லயும் இந்த ஒரு எடம்தான் பலமா இரிக்கி. ஒட்டின ஆள் வேலை தெரிஞ்ச ஆள்."

"மரத்துப்பால வச்சு ஒட்டியிருக்காங்க" என்றாள் ஷாமிளா. "எலி கடிச்சிருக்கும். எங்க லயத்து எலி சீமெந்தையே தின்னும், இது எம்மாத்திரம்?"

கிருஷ்ணராஜ் அந்த இடத்தை நெடுநேரம் பார்த்தார். கிழிசலின் உதடுகள் எந்தப் பக்கமாக விரிந்திருக்கின்றன என்று நகத்தால் தடவினார்.

"எலி வெளியில இருந்து உள்ள போகக் கடிக்கும்" என்றார். "இது காருக்குள்ள இருந்து கிழிஞ்சது."

ரப்பரை ஒரு உரப்பையில் போட்டுக்கொண்டு த்ரீவீலரில் ஏறினார்.

கிரிந்தலைத் தோட்டத்துக்குப் போகும் பாதை ஆற்றோடு கொஞ்சத் தூரம் ஓடி, ஆற்றுத் தண்ணீர் மேலே பாய்ந்து ஓடும் ஒரு தாழ்ந்த சப்பாத்துப் பாலத்தைத் தாண்டி ரப்பர் காட்டுக்குள் ஏறுகிறது. பாலத்துக்குக் கைப்பிடி இல்லை. தண்ணீர் இன்றைக்கு முழங்காலுக்குக் கீழேதான். ஷாமிளா வேகத்தைக் குறைத்தாள்.

"சேர், ஒருத்தர் இந்த இடத்துல வெள்ளத்துக்குள்ள காரை விடுவாரா?"

"தானா விடமாட்டார். அனுப்பினா விடுவார்."

"எதுக்கு அனுப்பியிருப்பாரு?"

"அது நமக்குத் தெரியப்போறதில்ல. பெரிய காரணமா இருக்காது. ரோட்டை மூடச் சொல்லித் தோட்டத்துக்கு ஓடர் வந்த பிறகு ஆள அனுப்பினது தெரிஞ்சா கிளாக்கருக்கு வேலை போயிருக்கும். மறைக்கிறதுக்கு அது போதும்."

தோட்டத்து ஆபீசுக்கு முன்னால் டெனிஸ்டனே நின்றார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் கோயில் கொப்பி. அறுபதை நெருங்குகிறவர். திருநாள் பூசையில் பெயர்களை வாசிப்பவர் அவர்தான். பதினெட்டு வருடமாக அவர்தான்.

"வாங்க மிஸ்டர் கிருஷ்ணராஜ். கிறேஸ் விசயமா? பாவம் அந்தப் பொம்பளை. நானும் தினமும் அவளுக்காக ஜெபிக்கிறேன்." உரப்பையைப் பார்த்தார், ஆனால் கேட்கவில்லை. "அவளக் கண்டா சொல்லுங்க. சீட்டு அஞ்சு மணிக்குள்ள வரணும். பிறகு சேர்க்கேலாது."

"சொல்றேன்."

த்ரீவீலர் வளைவில் திரும்பியதும் ஷாமிளா காறித் துப்பினாள். "இவரு ஜெபிச்சா மாதாவே காதப் பொத்திக்குவா."

ஸ்டோர் கீழ் டிவிசனில் இருந்தது. ஒரு நீளமான கொட்டகை, பக்கத்தில் புகையறை. தோட்டத்துக்கே இது ஒன்றுதான். அசிட்டும் புகையும் கலந்த புளித்த வாடை. ரோலரின் கைபிடியைச் சுற்றிக்கொண்டிருந்த மூக்காயி, வெள்ளைவெளேரென்ற ஷீட் ஒன்று மறுபக்கம் வழிந்து விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினாள். ஐம்பது வயது. ஒரு கண்ணில் தடித்த கண்ணாடி.

"அட ஷாமிளா! ஒன்னய எப்ப பொலிஸ் புடிச்சுச்சு? பக்கத்துல யாரு பெரிய மனுசன்?"

"இவருதாங்க என்னயப் பிடிச்சது. அக்கா, ரோலர ஒருக்கா நிப்பாட்டுங்க."

அவள் விழுந்த ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். சாய்வான வரிகள். ஒரு வரி அறுந்திருந்தது. ஒரு சாண், நாலு விரல். மறுபடியும் அறுந்திருந்தது. உரப்பையிலிருந்த கறுப்பு ரப்பரைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் கோடுகள் ஒரு தாய்ப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"பல்லு ஒடஞ்சு அஞ்சு வருசம்" என்றாள் மூக்காயி. "தொரைகிட்ட சொல்லியாச்சு, கிளாக்கர்கிட்ட சொல்லியாச்சு. யாரு கேட்டா? இது என்ன கறுப்புக் குடலு?"

"கார் கதவு ரப்பர். போன வருசம் வெள்ளம் வடிஞ்ச பிறகு இத யாரோ இங்க கழுவி, இதே ரோலர்ல விட்டிருக்காங்க. நீங்களா?"

"நானா? நான் அப்ப கேகாலை ஆஸ்பத்திரியில் கெடந்தேன். இந்தக் கண்ணு ஒப்பரேசன். ரெண்டு வாரம்." அவள் யோசித்தாள். "வந்தப்போ சொன்னாங்க. கிளாக்கர் வீட்ல இருந்து ஒரு சாக்குல போட்டு அனுப்பியிருந்தாராம், கழுவிக் காயவச்சுக் குடுக்கச் சொல்லி. அவரு வீட்டு விறகு, அவரு வீட்டு மெத்த, அவரு வீட்டு ரப்பரு, எல்லாம் ஸ்டோருக்குத்தானே வரும். யாரும் ஏன்னு கேக்குறதில்ல."

"ஒங்களுக்குப் பதிலா அந்த ரெண்டு வாரம் ரோலர்ல நின்னது யாரு?" என்றார் கிருஷ்ணராஜ்.

கேட்டு முடிக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஷாமிளா அவர் முகத்தில் அதைப் பார்த்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால் பேக்கரி மாடியில் கிறேஸ் சொன்னதை அவள்தான் கொப்பியில் எழுதினாள்: *அவர் போன பிறகு எனக்கு மலை ஏற முடியவில்லை, கங்காணி இரண்டு வாரம் லேசான வேலை கொடுத்தார்.* என்ன வேலை என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

மூக்காயி கையை நீட்டினாள்.

"அந்தா வாரா பாருங்க."

பால் கொண்டுவரும் பெண்கள் சரிவில் இறங்கி வந்தார்கள். வரிசையில் மூன்றாவதாக, வாளியைத் தலையிலிருந்து இறக்கிய கிறேஸ், இருவரையும் கண்டதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"தகவல் கெடச்சுதாங்க?"

அவள் கண் ரோலர் மேசைக்குப் போனது. அங்கே கிடந்த கறுப்பு ரப்பரைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. பழகிய பொருளைக் கண்ட சிரிப்பு.

"இது நான் கழுவினதுதானே! இன்னும் இருக்கா? அப்பா, என்ன மண்ணு! உள்ளுக்கெல்லாம் சேறு ஏறி நாறிச்சு. தண்ணிய ஊத்தி ஊத்தி, கம்பியில துணியக் கட்டி விட்டு எடுத்தேன். நாலு ரப்பருக்கு ஒரு நா முழுக்க. அப்ப எனக்குக் கைக்கு ஏதாச்சும் வேல வேணும்னு இருந்துச்சு சேர். சும்மா ஒக்காந்தா அழுக வந்துரும்."

"மண் எங்க?" என்றார் கிருஷ்ணராஜ்.

"கானுலதான். வேற எங்க?"

கொட்டகையை ஒட்டி ஓடிய கானில் பால் கலந்த வெள்ளைத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

கிறேஸ் ரப்பரை எடுத்து மேல்மூலையைத் தேடிப் பிடித்தாள். "இந்த எடம் கிழிஞ்சு தொங்கிச்சு. எலி கடிச்சிருக்கும்னு நெனச்சேன். அப்படியே குடுத்தா கிளாக்கரையா ஏசுவாருன்னு, ரெண்டு பூச்சுப் பால் விட்டு, பெருவிரலால அமுக்கிப் புடிச்சுக்கிட்டே இருந்தேன். பாருங்க, இன்னும் விடல. எதுல மாட்டுற ரப்பர் இது சேர்?"

ஷாமிளா கையிலிருந்த ஷீட்டைக் கீழே வைத்தாள்.

கிறேஸ் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். மூக்காயி மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். கிறேஸ் மறுபடியும் ரப்பரைப் பார்த்தாள். அவளுடைய பெருவிரல் ஒட்டிய இடத்தின்மேல் இருந்தது. அதை எடுக்கவும் இல்லை, நகர்த்தவும் இல்லை.

"கிளாக்கர் காரா?"

"ஆமாம்மா."

"அவரு அன்னைக்குக் காரையே எடுக்கலன்னாரு."

"எடுத்திருக்கு. ஆத்துக்குள்ள போயிருக்கு. இந்த ரப்பருக்குள்ள நீங்க கண்ட மண் ஆத்து மண்."

"இது எலி இல்லையா?"

கிருஷ்ணராஜ் பொய் சொல்லத் தெரிந்தவர். தொழிலுக்காக எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார்.

"இல்லம்மா" என்றார். "இது டிரைவர் பக்கத்துக் கதவு. உள்ள இருந்து கிழிஞ்சிருக்கு. கடைசியில கதவு திறந்திருக்கும்னு நினைக்கிறேன். அவர ஆறு கொண்டு போயிருக்கும்."

கிறேஸ் அழவில்லை. பால் நிறுக்கிற இடத்தில் கங்காணி அவள் பெயரைக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

"இத வச்சு பொலிசுக்குப் போகலாமா?"

"போகலாம். மண் இருந்திருந்தா கேட்டிருப்பாங்க. இப்ப ஒரு பழைய ரப்பர்தான் இருக்கு. மண் இருந்துச்சுன்னு நீங்க சொல்லணும். கழுவினது யாருன்னு கேப்பாங்க, நாந்தான்னு நீங்க சொல்லணும். காணாமப் போனவரோட பொஞ்சாதி சொல்றா, வேற சாட்சி இல்லன்னு எழுதி மூடிருவாங்க."

"அதயும் நான்தான் கழுவிட்டேன்" என்றாள் கிறேஸ். யாரையும் குற்றம் சொல்லாத குரல். கணக்கைச் சரிபார்த்து முடித்த மாதிரி.

பிறகு கையை நீட்டினாள்.

"சீட்டக் குடுங்க சேர்."

கிருஷ்ணராஜ் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஷாமிளா பேனாவை நீட்டினாள். கிறேஸ் சீட்டை ரோலர் மேசைமேல், ஈரமில்லாத ஒரு இடமாகப் பார்த்து விரித்தாள். அவள் விரலில் காய்ந்த பால் தோல் மாதிரி ஒட்டியிருந்தது. முதலில் அதை உரித்துப் போட்டாள். பிறகு மூன்றாவது வரியில், நிறுத்தி நிறுத்தி, எழுதினாள். எழுதியதை ஊதிக் காயவைத்தாள்.

"மணி என்ன?"

"நாலே கால்."

"அப்ப நேரம் இருக்கு."

அவள் சீட்டை நாலாக மடித்துக்கொண்டு ஆபீசுக்குப் போகும் படிகளில் ஏறினாள். பாதி வழியில் ஒருமுறை நின்றாள். திரும்பிப் பார்ப்பாள் என்று ஷாமிளா நினைத்தாள். மூச்சு வாங்கத்தான் நின்றிருக்கிறாள். மறுபடியும் ஏறினாள்.

"சேர், அந்த ஆளு கையிலயா குடுக்கப் போறா?"

"வேற யாருக்கிட்ட குடுக்கிறது? பேர் சேர்க்கிறது அவர்தானே."

"நாளன்னைக்கு அவரு அத வாசிப்பாரா?"

கிருஷ்ணராஜ் ரப்பரைச் சுருட்டி உரப்பைக்குள் போட்டார். எந்தக் கதவு, எந்தப் பக்கம் மேல் என்று சோக்கட்டியால் எழுதியது பாதி அழிந்திருந்தது. முக்தாரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். கழற்றியதைவிட நன்றாகப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

"வாசிப்பார்" என்றார். "தடங்கலில்லாம வாசிப்பார்."